ஈரல் புற்று தலைவிதியா?

(பொதுக்கூட்டம் ஒன்றில் பேசியதன் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது ஒரு வியாதியைப் பற்றியாகும். நாம் வைத்தியரல்ல, வைத்தியக் கல்லூரி வாசலில் மழைக்கு ஒதுங்கினவருங்கூட அல்ல. வைத்தியர்கள் ஆராய்ந்து எழுதியிருப்பதைப் படித்து, நமக்கு விளங்கின அளவில் உங்களுக்கு எடுத்துச் சொல்ல வந்திருக்கிறோம். "நீர் டாக்டரா, இதைப் பேச?" என்று சிலர் கேட்கலாம். திருநீறு மந்திரித்துக் கொடுக்கிறவரை "நீர் எந்தக் காலேஜில் படித்தீர்?" என்று இதுவரை யாரும் கேட்டதில்லை என்பதை மாத்திரம் அவர்களுக்கு ஞாபகப்படுத்திவிட்டு மேலே போகிறோம்.

புற்று நோய் என்றவுடன் நம் ஜனங்கள் என்ன சொல்லுகிறார்கள்? முதலில் "ஐயோ பாவம்" என்கிறார்கள். அப்புறம் நோயாளியின் காதுக்கு எட்டாத தூரம் போனதும் "என்ன பாவம் செய்தானோ" என்கிறார்கள். இந்த இரண்டு பாவத்துக்கும் இடையே உள்ள தூரம் பத்தடிதான். சுருட்டும் பீடியும் குடித்தவனுக்கு நெஞ்சில் புற்று வந்தால் காரணம் ஓரளவு ஜனங்களுக்கே தெரிகிறது. ஆனால் சாராயக் கடைப் பக்கமே போகாத ஒரு அம்மாளுக்கு 55 வயதில் ஈரலில் புற்று வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். காரணம் தெரிவதில்லை. காரணம் தெரியாத இடமெல்லாம் கடவுளுக்கும் கிரகத்துக்கும் பட்டா செய்துகொடுத்த நிலம் அல்லவா? உடனே ஜோசியன் அங்கே ஏர் பூட்டிவிடுகிறான். ஏழரைச் சனி என்கிறான்; பூர்வ ஜென்மம் என்கிறான்; பரிகாரத்துக்கு இவ்வளவு ரூபாய் என்கிறான்.

அந்த அம்மாளுக்கு 25, 30 வருஷத்துக்கு முன்னால் பிரசவத்தில் ரத்தம் அதிகமாய்ப் போய், வேறொருவருடைய ரத்தத்தை ஏற்றியிருக்கலாம். அல்லது காய்ச்சல் என்று போன இடத்தில், முன்னொருவருக்குக் குத்தின ஊசியாலேயே அவருக்கும் குத்தியிருக்கலாம். அன்றைக்கு அந்த ஊசி முனையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி ரத்தம் இருந்தது. அந்தத் துளியில் ஒரு வைரஸ் கிருமி இருந்தது. பூர்வ ஜென்மம் வரை போகவேண்டிய அவசியமில்லை. இந்த ஜென்மத்திலேயே காரணம் கிடைத்துவிடுகிறது.

அந்தக் கிருமிக்கு ஹெப்படைட்டிஸ் சி என்று பெயர். அது கண்டுபிடிக்கப்பட்ட விதம் கேட்கத் தகுந்தது. 1970-ம் வருஷங்களில் அமெரிக்காவிலே ஹார்வி ஆல்ட்டர் என்கிற டாக்டர், ரத்தம் ஏற்றப்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்து வந்தார். அவர்களில் சிலருக்கு ஈரல் வீக்கம் வந்தது. ஏற்கெனவே தெரிந்திருந்த ஏ என்ற கிருமியைத் தேடினார்கள், இல்லை. பி என்ற கிருமியைத் தேடினார்கள், அதுவும் இல்லை. நம் ஊர்ப் பண்டிதராயிருந்தால் "ஏயும் இல்லை, பியும் இல்லை, ஆகையால் இது தெய்வ குற்றம்" என்று முடித்திருப்பார். அவர்களோ "ஏயுமல்ல, பியுமல்ல" என்றே அதற்குப் பெயர் வைத்து, தெரியாததைத் தெரியாது என்று எழுதிவைத்துவிட்டு, மேற்கொண்டு தேடினார்கள். 1989-ல் மைக்கேல் ஹௌட்டனும், அவரோடு வேலை செய்த சூ, குவோ முதலியவர்களும் கிருமியைக் கண்டுபிடித்தார்கள். 1997-ல் சார்லஸ் ரைஸ் என்பவர் இந்த ஒரு கிருமியே ஈரல் நோயை உண்டாக்கப் போதுமானது என்று மெய்ப்பித்தார். ஆல்ட்டர், ஹௌட்டன், ரைஸ் ஆகிய மூவருக்கும் 2020-ம் வருஷத்து நோபல் பரிசு கொடுக்கப்பட்டது. 2013-ல் ஹௌட்டனுக்கு வேறொரு பெரிய பரிசு வந்தபோது, தம்முடன் உழைத்த அந்த இருவருக்கும் இல்லாத பரிசு தமக்கு வேண்டாமென்று அவர் மறுத்துவிட்டார் என்பதையும் சொல்லவேண்டியதுதான்.

இந்தக் கிருமி மனிதனுக்குப் புற்று உண்டாக்கக்கூடியதுதான் என்று, உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்று நோய் ஆராய்ச்சிக் கழகம் 1994-ல் தீர்ப்புச் சொல்லிவிட்டது. சந்தேகமில்லாதவை என்று வைத்திருக்கிற முதல் வரிசையில் இதைச் சேர்த்திருக்கிறார்கள். புகையிலையும் அதே வரிசையில்தான் இருக்கிறது.

சரி, ரத்தத்தில் வந்த கிருமி ஈரலில் எப்படிப் புற்றாகிறது? இங்கேதான் நன்றாகக் கவனிக்க வேண்டும். கிருமி நேராகப் புற்றை உண்டுபண்ணிவிடுவதில்லை. அது ஈரலின் அணுக்களுக்குள்ளே குடியேறித் தன் இனத்தைப் பெருக்குகிறது. நம் சரீரத்திலுள்ள காவல்படை அதைக் கண்டுபிடித்து, கிருமி இருக்கிற அணுக்களைத் தாக்கிக் கொல்லுகிறது. செத்த அணுவுக்குப் பதில் ஈரல் புது அணுவை உண்டாக்குகிறது. அதையும் கிருமி பிடிக்கிறது. அதையும் காவல்படை கொல்லுகிறது. இப்படி ஒரு நாள், இரண்டு நாள் அல்ல. 20 வருஷம், 30 வருஷம் நடக்கிறது. புண் ஆறின இடத்தில் தழும்பு விழுவதுபோல ஈரல் முழுதும் தழும்பேறி இறுகிப் போகிறது. இதை டாக்டர்கள் சிரோசிஸ் என்கிறார்கள். ஓயாமல் அணுக்கள் செத்துச் செத்துப் பிறக்கும்போது, ஏட்டைப் பார்த்து ஏடு எழுதுகிறவனுக்குக் கைத்தவறு வருகிற மாதிரி, பிறக்கிற அணுக்களில் தவறு நேர்கிறது. அந்தத் தவறுகள் சேர்ந்து, அடங்காமல் பெருகுகிற ஒரு அணுக்கூட்டம் உண்டாகிவிட்டால் அதுதான் புற்று.

கணக்காகச் சொல்லுகிறோம். நூறு பேருக்கு இந்தக் கிருமி தொற்றினால் ஏறக்குறைய 30 பேருக்கு ஆறு மாதத்துக்குள் மருந்தில்லாமலே அது போய்விடுகிறது. மீதி 70 பேருடைய சரீரத்தில் அது தங்கிவிடுகிறது. அந்த 70 பேரில் 10 பேர் முதல் 20 பேர் வரை 20 வருஷத்துக்குள் ஈரல் இறுகிப்போகும் நிலைக்கு வருகிறார்கள். அப்படி இறுகினவர்கள் நூறு பேர் இருந்தால், அவர்களில் வருஷத்துக்கு ஒருவர் முதல் நான்கு பேர் வரை புற்று நோய்க்கு ஆளாகிறார்கள். வருஷத்துக்கு ஒருவர்தானே என்று எண்ணிவிடாதீர்கள். பத்து வருஷத்துக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். நாற்பதில் வந்து நிற்கலாம். அன்றியும் குடிப்பழக்கம் இருப்பவர்களுக்கும், நீரிழிவும் அளவு மிஞ்சின பருமனும் உள்ளவர்களுக்கும், கூடவே பி கிருமி இருப்பவர்களுக்கும் இந்த ஆபத்து அதிகமாகவும் சீக்கிரமாகவும் வருகிறது. ஆகவே கிருமி தொற்றின ஒவ்வொருவருக்கும் புற்று வந்தே தீரும் என்று பயமுறுத்துவதும் பொய். ஒன்றும் வராது என்று கவலையற்று இருப்பதும் பைத்தியக்காரத்தனம்.

இந்த 20, 30 வருஷமும் மனிதனுக்கு என்ன தெரிகிறது? பெரும்பாலும் ஒன்றுமே தெரிவதில்லை. கொஞ்சம் அசதி என்பான். நன்றாகச் சாப்பிடுவான், உழுவான், கல்யாணத்துக்குப் போவான். கண் மஞ்சளாவதுகூடப் பெரும்பாலோருக்கு இல்லை. ஈரல் வாய் திறந்து பேசாத அவயவம். அது பேசுகிற அன்று வயிற்றில் நீர் கோத்துவிட்டது என்றோ, ரத்தமாக வாந்தி வந்தது என்றோதான் பேசும்.

இந்த இடத்தில் நம் நாட்டு மஞ்சட் காமாலை வைத்தியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. "எங்கள் ஊரில் காமாலைக்கு மந்திரிக்கிறார், நூற்றுக்கு நூறு குணமாகிறது" என்று சொல்லாத கிராமம் இல்லை. குணமாவது வாஸ்தவந்தான், நாம் மறுக்கவில்லை. எப்படிக் குணமாகிறது என்றால், கெட்ட தண்ணீராலும் உணவாலும் வருகிற ஏ கிருமியின் காமாலை, பத்தியமாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், மந்திரித்தாலும் மந்திரிக்காவிட்டாலும், அநேகமாகச் சில வாரங்களில் தானாகவே போய்விடக்கூடியது. பொழுது விடியும் சமயம் பார்த்துச் சேவல் கூவுகிறது. தான் கூவினதால்தான் விடிந்தது என்று சேவல் சொன்னாலும் மன்னிக்கலாம், நாம் அதற்குத் தட்சிணை கொடுக்கலாமா? இந்தச் சேவல் வைத்தியத்தில் நம்பிக்கை வைத்தவன், சி கிருமி வந்தபோதும் அங்கேயே போகிறான். கண் மஞ்சளாக இல்லையென்றால் போவதுகூட இல்லை. கீழாநெல்லியைப் பற்றிக் கேட்பீர்கள். அது இந்தச் சி கிருமியை ஒழித்தது என்பதற்கு ருசு கிடையாது. ருசு உள்ள மருந்து வேறு இருக்கிறது, அதற்கு வருகிறோம்.

தோழர்களே! இதுவரை ஜோசியனையும் மந்திரக்காரனையும் சொன்னபோது சிரித்தீர்கள். இனிச் சொல்லப்போவது நம்மைப் போன்றவர்களுக்குக் கொஞ்சம் கசக்கும். ஏனென்றால் உலகத்திலேயே இந்தக் கிருமியை மிகுதியாகப் பரப்பின காரியம் ஒன்றை, தாயத்துக் கட்டுகிறவர்கள் செய்யவில்லை. படித்த டாக்டர்களும் சர்க்காரும் செய்தார்கள்; நல்ல எண்ணத்தோடு செய்தார்கள். அது நடந்த இடம் எகிப்து தேசம்.

எகிப்தில் நைல் நதி வாய்க்கால்களில் ஒருவித நத்தை உண்டு. அந்த நத்தையிலிருந்து வெளிப்படுகிற நுண்ணிய புழு, தண்ணீரில் நின்று வேலை செய்கிற உழவனுடைய தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். மூத்திரத்தில் ரத்தம் போகும். குடல், ஈரல், மூத்திரப்பை எல்லாம் கெடும். இந்தப் புழுவை 1851-ல் கெய்ரோ நகரத்தில் பில்ஹார்ஸ் என்கிற ஜெர்மன் டாக்டர் கண்டுபிடித்தபடியால் அந்நோய்க்கு பில்ஹார்ஸியா என்று பெயர். தலைமுறை தலைமுறையாக எகிப்தியக் குடியானவர்களைத் தின்றுவந்த நோய் அது. அதை ஒழிக்க ஒரு சர்க்கார் முனைந்தால் அதைப் பாராட்ட வேண்டுமேயன்றிக் குறை சொல்ல முடியாது.

1918-ல் சூடான் தேசத்துக் கார்ட்டூமில் கிறிஸ்டபர்சன் என்கிற டாக்டர், ஆண்ட்டிமனி என்ற உலோக உப்பை ரத்தக் குழாயில் ஊசி மூலம் செலுத்தினால் புழு சாகிறது என்று எழுதினார். எகிப்து சர்க்கார் 1950-ம் வருஷங்களிலிருந்து 1980-ம் வருஷங்களின் ஆரம்பம் வரையில் இதைக் கிராமம் கிராமமாக நடத்திற்று. ஒரு ஆளுக்கு ஒரு ஊசி போதாது. வாரத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு, பதினாறு ஊசி வரை போடவேண்டும். ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். இருந்ததோ சில கண்ணாடி ஊசிக் குழல்கள். ஒருவருக்குப் போட்டதை நன்றாகக் கொதிக்கவைத்து அடுத்தவருக்குப் போடவேண்டும். கொதிக்க வைக்க நேரம் ஏது? வரிசை நீளம், வெயில் அதிகம், கணக்குக் காட்ட வேண்டிய ஆட்களின் தொகை பெரிது. தண்ணீரில் அலசியும் அரைகுறையாய்ச் சுடவைத்தும் அடுத்த கையில் குத்தினார்கள். வரிசையில் ஒருவனுக்குச் சி கிருமி இருந்தால் போதும். அப்படியொரு கிருமி இருக்கிறதென்று அந்நாளில் உலகத்தில் எவருக்கும் தெரியாது.

புழு செத்தது. ஆனால் கிருமி ஏறிற்று. ஊசி போட்டுக்கொண்ட சிறுவர்களும் வாலிபர்களும் வளர்ந்து, கல்யாணம் செய்து, பிள்ளை பெற்று, 20, 30 வருஷத்துக்குப் பிறகு ஈரல் இறுகியும் புற்று வந்தும் ஆஸ்பத்திரிகளுக்கு வந்து சேர்ந்தார்கள். ஆண்களுக்கு வருகிற புற்றுகளில் எகிப்தில் முதலிடம் ஈரல் புற்றுக்குக் கிடைத்தது. 2008-ல் அந்தத் தேசத்தில் எடுத்த கணக்கில், 15 முதல் 59 வயது வரை உள்ளவர்களில் நூற்றுக்கு 10 பேருடைய ரத்தத்தில் கிருமி உயிரோடு இருந்தது. நமது கிராமத்தில் தெருவுக்கு எத்தனை பேர் ஆவார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

காரணம் எப்படித் தெரிந்தது? யாரும் ஞானதிருஷ்டியால் சொல்லவில்லை. எந்தப் பகுதியில் முன்னாளில் எவ்வளவு ஊசி போடப்பட்டது என்ற பழைய சர்க்கார்க் கணக்கையும், எந்தப் பகுதியில் எந்த வயதினருக்குக் கிருமி இருக்கிறது என்ற புதுக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஊசி மிகுந்த வட பகுதியில், நைல் நதியின் கழிமுகத்தில், கிருமி மிகுந்திருந்தது. ஊசி குறைந்த தெற்கே கிருமியும் குறைந்திருந்தது. 2000-ம் வருஷத்தில் இதை வைத்தியப் பத்திரிகையில் அச்சிட்டு உலகத்துக்கே சொன்னார்கள். தன் சாஸ்திரத்தால் நேர்ந்த கேட்டைத் தானே கணக்கெடுத்து ஊரறிய அச்சடிக்கிற புரோகிதனை நீங்கள் எங்கேயாவது கண்டதுண்டா? விஞ்ஞானத்துக்கும் மற்றதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான் என்பது நமது அபிப்பிராயம். விஞ்ஞானம் தவறே செய்யாது என்று நாம் சொல்ல வரவில்லை. செய்த தவறைத் தேடிப் பிடிக்க அதனிடம் வழியிருக்கிறது என்கிறோம்.

இதைக் கேட்டுவிட்டு "ஆகையால் ஊசியே வேண்டாம்; அம்மை ஊசியும் வேண்டாம்" என்று எவராவது கிளம்பினால் அவர் நமது பேச்சைக் கேட்கவில்லை என்றே அர்த்தம். வேண்டிய ஊசியைப் புது ஊசியால் போடுவதில் பயம் ஒன்றும் இல்லை. நாம் கண்டிப்பது ஊசியை அல்ல, ஊசி பக்தியை. நம் ஜனங்களில் அநேகருக்கு டாக்டர் மாத்திரை கொடுத்தால் திருப்தியில்லை. "ஒரு ஊசி போட்டு அனுப்புங்கள்" என்று கேட்டு வாங்கிக்கொள்ளுகிறார்கள். குத்தினால்தான் வைத்தியம், வலித்தால்தான் மருந்து என்ற எண்ணம், அலகு குத்திக்கொண்டால்தான் சாமி கேட்கும் என்ற எண்ணத்துக்கு எந்த விதத்தில் உயர்ந்தது? 2000-ம் வருஷத்தில் உலகத்தில் புதிதாக இந்தக் கிருமி தொற்றினவர்களில் நூற்றுக்கு 40 பேர், சுமார் 20 லட்சம் பேர், சுத்தமில்லாத ஊசியாலேயே அதைப் பெற்றார்கள் என்று உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிட்டிருக்கிறது. ஆகவே ஊசி போடுகிறவர் உறையைக் கிழித்துப் புது ஊசியை எடுக்கிறாரா என்று பாருங்கள். பார்க்கவிடாவிட்டால் கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்ளுகிறவரிடம் கையை நீட்டாதீர்கள். நாவிதரிடத்தில் புது பிளேடு கேட்பதும், திருவிழாவில் பச்சை குத்துகிறவனிடத்திலும் காது குத்துகிறவனிடத்திலும் ஊசியைப் பற்றி விசாரிப்பதும் இதே சங்கதிதான்.

இனி மருந்துக்கு வருவோம். முன்னே இதற்கு இருந்த மருந்து இன்டர்பெரான் என்கிற ஊசி. ஏறக்குறைய ஒரு வருஷம் போட வேண்டும். காய்ச்சலும் சோர்வும் மனக்கலக்கமும் கொடுக்கும். அப்படியும் பலருக்குக் குணமாகவில்லை. 2013-ம் வருஷக் கடைசியில் அமெரிக்காவில் சோபோஸ்புவிர் என்ற மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. மாத்திரை நல்ல மாத்திரைதான், ஆனால் விலை? ஒரு மாத்திரை ஆயிரம் டாலர். பன்னிரண்டு வாரத்துக்கு 84,000 டாலர்! நோயை ஒழிக்க மருந்து செய்தவர்கள், நோயாளியின் வீட்டையும் நிலத்தையும் சேர்த்து ஒழிக்க விலை வைத்தார்கள். எகிப்து சர்க்கார் பேரம் பேசி, 2014-ல் அதே பன்னிரண்டு வார மருந்தை 900 டாலருக்கு வாங்கிற்று. பெயரைப் பதிவு செய்துகொள்ளலாம் என்று அறிவித்த முதல் சில நாட்களிலேயே லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் பதிந்துகொண்டார்கள். அப்புறம் அந்தத் தேசத்துக் கம்பெனிகளே மாத்திரை செய்ய ஆரம்பித்து, விலை 100 டாலருக்கும் கீழே இறங்கிவிட்டது. நம் இந்தியாவிலும் 2014-க்குப் பிறகு பல கம்பெனிகள் இதைச் செய்து மலிவாக விற்றன. 84,000 எங்கே, 100 எங்கே! மருந்தின் விலை என்பது மருந்தில் இல்லை என்று இதைவிட நன்றாக யார் விளக்க முடியும்?

ஆனால் மருந்து மலிந்தால் மாத்திரம் போதாது. தனக்கு நோய் இருப்பதே தெரியாதவன் எப்படி மருந்து கேட்பான்? ஆகையால் எகிப்தியர்கள் ஒரு காரியம் செய்தார்கள். 2018 அக்டோபர் முதல் 2019 ஏப்ரல் வரை ஏழே மாதத்தில் தேசத்திலுள்ள வயது வந்தவர்களை எல்லாம் சோதிப்பதென்று புறப்பட்டார்கள். விரலில் ஒரு துளி ரத்தம். சில நிமிஷத்தில் பதில். 4 கோடியே 96 லட்சம் பேர் வந்து சோதித்துக்கொண்டார்கள். அவர்களில் சுமார் 22 லட்சம் பேருக்குக் கிருமி தொற்றின அடையாளம் இருந்தது. மறு சோதனையில் கிருமி இருப்பது உறுதியானவர்களில் நூற்றுக்கு 90-க்கு மேற்பட்டவர்கள் மருந்து சாப்பிட ஆரம்பித்தார்கள். முடிவு தெரிந்தவர்களில் நூற்றுக்கு 98 பேருக்கு மேல் கிருமி அற்றுப்போயிற்று. இவ்வளவுக்கும் ஆன மொத்தச் செலவு சுமார் 20 கோடி 70 லட்சம் டாலர். அமெரிக்காவில் 2013-ல் கேட்ட விலைக்கு இந்தப் பணத்தைக் கொண்டு 2,500 பேருக்குக்கூட மருந்து வாங்கியிருக்க முடியாது. 2023 அக்டோபரில், இந்நோயை ஒழிக்கும் வழியில் எகிப்துதான் முதலாவதாகத் தங்கப் படியை எட்டிய தேசம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சான்று கொடுத்தது. எந்தத் தேசத்தில் ஒரு சர்க்காரின் ஊசி கிருமியைப் பரப்பிற்றோ அந்தத் தேசத்திலேயே பிந்திய சர்க்காரின் மாத்திரை அதை விரட்டிற்று.

இப்பொழுது ஒரு முக்கிய எச்சரிக்கை. கிருமி போனால் புற்று வருகிற ஆபத்தும் போய்விடுமா? மிகவும் குறைகிறது, பத்துப் பங்கில் ஏழு பங்கு வரை குறைகிறது என்று கண்டிருக்கிறார்கள். ஆனால் ஈரல் இறுகிப் போவதற்கு முன்னால் மருந்து சாப்பிட்டவனுக்கும், இறுகின பிறகு சாப்பிட்டவனுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. இறுகின ஈரலில் கிருமி இல்லாவிட்டாலும் தழும்பு இருக்கிறது. தவறு நேர்ந்த அணுக்கள் இருக்கின்றன. வீட்டில் வைத்த நெருப்பை அணைத்தாயிற்று; கருகின உத்திரம் அப்படியேதானே நிற்கிறது? ஆகையால் அப்பேர்ப்பட்டவர்கள் குணமான பிறகும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்றை ஸ்கேன் செய்து பார்த்துக்கொள்ள வேண்டும். சிறிதாயிருக்கும்போது கண்ட புற்றை அறுத்தோ சுட்டோ எடுத்துவிட வழியுண்டு. பெருத்த பிறகு கண்டால் டாக்டர் கையை விரிப்பார். அன்று ஜோசியனுக்கு மறுபடியும் வேலை வந்துவிடும்.

இன்னொரு சங்கதி. சோதனையில் கிருமி இருக்கிறது என்று தெரிந்தால் வீட்டில் தனித் தட்டு, தனி டம்ளர், தனித் திண்ணை என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். இந்தத் தேசத்தில் மனிதனை எட்ட நிறுத்துவதற்குக் காரணம் தேட வேண்டியதேயில்லை. பழக்கம் அவ்வளவு பலமாயிருக்கிறது. இந்தக் கிருமி ரத்தத்தோடு ரத்தம் கலந்தால் பரவும். சேர்ந்து சாப்பிடுவதால் பரவாது, தொடுவதால் பரவாது, கட்டித் தழுவுவதால் பரவாது, தண்ணீரால் பரவாது, தாய்ப்பாலாலும் பரவாது. சவரக் கத்தியையும் பல் துலக்கும் பிரஷையும் தனியாக வைத்துக்கொண்டால் போதும். தட்டைப் பிரிக்கிற கையை, ஊசியை விசாரிக்கப் பயன்படுத்துங்கள். போதைக்காக ஊசி குத்திக்கொண்டு இந்நோய் வந்தவர்களும் உண்டு. அவனையும் நோயாளியாகப் பார்த்து மருந்து கொடுக்க வேண்டியதுதான். யோக்கியனுடைய ஈரல், அயோக்கியனுடைய ஈரல் என்று மருந்துக்குத் தெரியாது.

நம் நாட்டில் 2018 ஜூலை 28-ந் தேதி மத்திய சர்க்கார் இதற்கென்று ஒரு திட்டம் ஆரம்பித்து, சர்க்கார் ஆஸ்பத்திரிகளின் மூலம் பி, சி இரண்டு கிருமிகளுக்கும் சோதனையும் மருந்தும் இலவசமாகக் கொடுக்க ஏற்பாடு செய்திருக்கிறது. அநேகருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. முன்னே எப்போதாவது ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்ளுகிறவர்கள், கண்ட இடத்தில் ஊசி போட்டுக்கொண்டவர்கள், பச்சை குத்திக்கொண்டவர்கள், இந்தக் கிருமி உள்ள தாய்க்குப் பிறந்த பிள்ளைகள் ஆகியோர் அவசியம் ஒருமுறை கேட்டுச் சோதித்துக்கொள்ள வேண்டும். முதல் சோதனை, கிருமி எப்போதாவது வந்து போனதா என்பதை மட்டுமே சொல்லும்; இப்போது இருக்கிறதா என்பதை இரண்டாவது சோதனைதான் சொல்லும். ஆகையால் முதல் சீட்டைப் பார்த்ததுமே அழவும் வேண்டாம், இரண்டாவதற்குப் போகாமல் இருந்துவிடவும் வேண்டாம்.

பேச்சை முடிக்கும் சமயத்தில் ஒரு தோழர் சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார். "மாத்திரை சாப்பிட்டுக் கிருமி போய்விட்டது என்றால், அப்புறம் கொஞ்சமாகக் குடிக்கலாமா?" என்று கேட்டிருக்கிறார். கையெழுத்துப் போடவில்லை, நாமும் யாரென்று தேடவில்லை. தோழரே! கிருமி இல்லாமலே சாராயம் ஒன்றே ஈரலை இறுகச் செய்ய வல்லது. கிருமி முப்பது வருஷம் உழுது போட்ட நிலத்தில் நீர் எதற்காக மறுபடியும் விதைக்கப் பார்க்கிறீர்? ஈரல் ஏற்கெனவே இறுகியிருந்தால் ஒரு சொட்டும் கூடாது என்றுதான் டாக்டர்கள் சொல்லுகிறார்கள். அதுவுமன்றி, இந்தக் கிருமிக்குத் தடுப்பூசி இன்னும் இல்லை. ஒருதரம் குணமானவனுக்கு மறுபடியும் தொற்றாது என்பதும் இல்லை. நீர் கேட்ட "கொஞ்சம்" என்பது எவ்வளவு என்று எழுதவில்லை. எழுதியிருந்தாலும் பதில் இதுதான். அடுத்த ஸ்கேன் எந்தத் தேதி என்று உம்முடைய ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்துப் பார்த்துக்கொள்ளும்.